ஊர் சுற்றக் கிளம்பியவர்களுக்குச் சேரியிலிருந்து சில வார்த்தைகள்

ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாருக்கும் வாய்த்த காரியம் இல்லை. கால் இருந்தால் நடந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஊருக்குள் பிறந்தவர்கள். சேரியில் பிறந்தவனுக்குக் கால் மட்டும் போதாது. இந்த மாகாணத்தில் பொதுத்தெருவில் நாம் நடக்கலாம், பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கே சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மூன்று வருஷம் கழித்து, 1927 மார்ச் 20இல், மகாத் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். குடித்ததற்காக அந்தக் குளத்தில் சாணியையும் கோமியத்தையும் கொட்டி 'சுத்தம்' செய்தார்கள். நடப்பதும் குடிப்பதும் தின்பதும் நமக்குப் பொழுதுபோக்காக வந்தவை அல்ல. அடிபட்டு வாங்கியவை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் சுற்றுவது இன்றைக்கு ஒரு கலாச்சார இயக்கமாகிவிட்டது. 'பாரம்பரிய நடை' என்று பேர். காலையில் பழைய கோட்டை, கோயில். மத்தியானம் உள்ளூர்ச் சாப்பாடு. சாயந்திரம் கிராமியக் கலை. ஒன்றிய அரசே 2023இல் நாடு முழுக்க 100 உணவுத் தெருக்கள் என்று அறிவித்து, தெருவுக்கு ஒரு கோடி ரூபாய் என்றது. பெரிய நகரங்களில் தொடங்கிய இந்த மோகம் சின்ன ஊர்களுக்கும் இறங்கி வருகிறது. கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, நீங்க கவிதை எழுதுறவரு, பேங்க்ல இருக்கறதால ஊர்ல நாலு பேரைத் தெரியும். நம்ம தருமபுரிக்கும் பழைய கடைத்தெரு, கலை, சாப்பாடுன்னு ஒரு கையேடு எழுதித் தாங்களேன்."

எழுதுகிறேன் தம்பி. ஆனால் அந்தக் கையேட்டில் ஊர் எப்படித் தெரிகிறது என்பது, எழுதுகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வருகிறான் என்பதைப் பொறுத்தது. நான் காலனியிலிருந்து வருகிறவன்.

*

முதலில் கோட்டை. கையேடுகள் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

தகடூர் என்று சங்கப் பாட்டில் வருகிற ஊர் இது. அதியமான் நெடுமான் அஞ்சி, அவ்வை, நெல்லிக்கனி. ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. அங்கே அரசாங்கம் கட்டிய அதியமான் கோட்டம். சாகாவரம் தரும் கனியைத் தான் தின்னாமல் புலவருக்குக் கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் நமக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் கைதட்டினோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டுகளின் உலகத்தில் யாழ் மீட்டிய பாணனும் துடி அடித்தவனும் பறை அறைந்தவனும் அரசன் முற்றத்தில் நின்றார்கள். கள்ளும் கறியும் அவர்களோடு பகிர்ந்து தின்னப்பட்டன. அவ்வையே பாணர் மரபுக்காரி என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. அதே அவ்வையைப் பிற்காலத்தில் கோலூன்றிய கிழவியாக்கி, நீதி சொல்லும் பாட்டியாக்கி, கறிவாசனை படாத பிள்ளையார் பக்தையாக்கி உட்கார வைத்தார்கள். பறை அறைந்தவனை என்ன செய்தார்கள்? ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். கையேட்டில் முதல் பாதி மட்டும் வரும்.

தருமபுரிக் கோட்டைக்குள் மல்லிகார்ஜுனேசுவரர் கோயில், பக்கத்திலேயே காமாட்சி அம்மன். நுளம்பர் காலத்து வேலைப்பாடு, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. தரையில் முழுசாக ஊன்றாமல் தொங்குகிற தூண் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துணியை அடியில் விட்டு இழுத்துப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியம்தான், மறுக்கவில்லை. அந்தக் கல்லை மலையிலிருந்து பிளந்து உருட்டி வந்தவன் யார், வண்டி இழுத்த மாட்டுக்குத் தோல்வாரும் கயிறும் செய்து கொடுத்தவன் யார் என்று கேட்டால் அந்த ஆச்சரியம் தொங்கிவிடும். கட்டியவன் வாரிசு உள்ளே நுழைய 1947இல் சென்னை மாகாணம் ஆலய நுழைவுச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆயிரம் வருஷக் கோயிலில் நமக்கு எண்பது வருஷ உரிமைகூட இன்னும் முழுசாக ஆகவில்லை. கையேட்டில் இந்தக் கணக்கையும் போடுங்கள்.

அப்புறம் வெள்ளைக்காரன். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தார். உதவிக்கு வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் இருந்தார், தருமபுரியில் தங்கினார், தோட்டம் போட்டார். ரயத்துவாரி முறையை இவர்கள் பரீட்சித்துப் பார்த்த மண் இதுதான். உழுகிற குடியானவனோடு சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வது என்று இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் வங்கிக்காரன். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் யார் பேரில் என்று முதலில் பார்ப்பேன். பட்டா யார் பேரில் போனது? நிலத்தை வைத்திருந்த சாதிக் குடியானவன் பேரில். அந்த நிலத்தில் இறங்கிச் சேற்றை மிதித்த பண்ணையாள் அந்தக் கணக்கில் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதி, 1892இல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தபோது, மன்றோ இந்த ஜில்லாவைவிட்டுப் போய் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படி வந்த நிலமும் எங்கே போனது என்று தாலுகா ஆபீசில் மனுக்கொடுத்துத் திரிகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். ஒரு வெள்ளைக்கார துரையின் தோட்டம் பாரம்பரியம் என்றால், அந்த மனுக்கட்டும் பாரம்பரியம்தான்.

*

நடுகல் பார்க்காமல் தருமபுரியைப் பார்க்க முடியாது. இந்த வட்டாரமே நடுகல் பூமி. அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வில்லும் வாளுமாக நிற்கிற வீரன், காலடியில் மாடு, ஓரத்தில் சில வட்டெழுத்து வரி. மாடுபிடிச் சண்டையில் செத்தவர்கள். ஆநிரை கவர்தல், ஆநிரை மீட்டல் என்று தமிழ் வாத்தியார் சொன்னதெல்லாம் கல்லாக நிற்கும்.

இந்தக் கல்லுகளைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளுக்காகச் சண்டையிட்டுச் செத்த ஒரு வீரன். பக்கத்தில் ஒரு நாய். திருடனைக் கடித்துக் காவல் நின்ற நாய். கோவிவன் என்று அதன் பேரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பேர் இருந்தது, அதை எழுதி வைக்கிற மனசும் இந்த மண்ணுக்கு இருந்தது. சந்தோஷம்.

அந்த மனசிடம் கேட்கிறேன். 1992 ஜூன் 20இல் அரூர் பக்கத்தில் வாச்சாத்தி மலைவாழ் மக்கள் ஊருக்குள், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றையும் தானியத்தையும் பாழாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். பத்தொன்பது வருஷம் அந்தப் பெண்கள் அலைந்தார்கள். 2011 செப்டம்பர் 29இல், இதே தருமபுரி ஊரில், மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. சர்க்கார் ஆட்கள் 200க்கும் மேல் மொத்தமாகத் தண்டிக்கப்பட்ட தீர்ப்பு வந்த கட்டடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. இதைவிடப் பெரிய வரலாற்றுச் சின்னம் தருமபுரியில் வேறென்ன இருக்கிறது? தொங்கும் தூணுக்குப் பலகை இருக்கும்போது, அந்த மலைப்பெண்கள் ஏறி இறங்கிய படிக்கட்டுக்கும் ஒரு பலகை வேண்டாமா? அவர்கள் பேரை எழுத வேண்டாம். தேதியை எழுதுங்கள், போதும்.

இன்னொரு இடமும் உண்டு. அரசு கலைக்கல்லூரிக்குப் பின்னால் ரயில் தண்டவாளம். 2013 ஜூலை 4இல் இளவரசன் அங்கே பிணமாகக் கிடந்தான். நத்தம் காலனிப் பையன். வன்னியப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணின் அப்பா 2012 நவம்பர் 7இல் தற்கொலை செய்துகொண்ட அன்றைக்கே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் மூன்று காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பீரோ உடைந்தது, நகை போனது, பிள்ளைகளின் மார்க் ஷீட் சாம்பலாகிப் போனது. இளவரசன் சாவைத் தற்கொலை என்றது போலீஸ். கொலை என்றார்கள் பெற்றவர்கள். எதுவாக இருந்தாலும் அந்தச் சாவுக்குச் சாதிதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நத்தம் இருக்கிற நாயக்கன்கொட்டாய் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பு, பாலன் நினைவுச்சின்னம் அங்கே நிற்கிறது. எழுபதுகளின் கடைசியில் நக்சல்பாரித் தோழர்கள் டீக்கடை இரட்டை டம்ளரை எதிர்த்துச் சண்டை போட்ட வட்டாரம் அது. பாலன் 1980இல் போலீஸ் வேட்டையில் செத்தார். ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழர்களும் அந்தச் சண்டையில் நின்றார்கள். முப்பது வருஷம் கழித்து அதே வட்டாரத்தில் தீ வைத்தார்கள். டம்ளரை உடைக்கலாம், மனசை உடைக்க நேரமாகும் என்று சொல்லிக் கையைக் கழுவுகிறவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி சொல்கிறேன். சண்டை போட்ட வரலாற்றை ஊர் ஞாபகம் வைத்திருக்க விடாமல் செய்தார்கள். அதியமானை ஞாபகம் வை, சிலைக்கு மாலை போடு. டம்ளர் உடைத்தவனை மற. ஞாபகத்துக்கும் இரட்டை டம்ளர்தான்.

*

இனி கலை. சாயந்திர நிகழ்ச்சி.

பறையாட்டம் இல்லாத கலைவிழா இன்றைக்கு இல்லை. 2007இல் சென்னை சங்கமம் வந்ததிலிருந்து பூங்காவில், மேடையில், கல்லூரி ஆண்டுவிழாவில் எல்லாம் பறை கேட்கிறது. படித்த பிள்ளைகள் பறை கற்கிறார்கள். நம் இயக்கத்துக்குள்ளேயே இது தீராத வாதம். பறை இழிவின் அடையாளம், தூக்கி நெருப்பில் போடு என்று ஒரு தரப்பு. பறை நம் ஆயுதம், நிமிர்ந்து அடி என்று ஒரு தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பறைக்கு ஆள் வந்து நிற்கும். "ஏய்" என்றுதான் கூப்பிடும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாள் கூலிவேலை இல்லை. என் சித்தப்பா அப்படி அடித்தவர். அவருக்கு யாரும் கலைஞர் என்று சால்வை போடவில்லை. களத்து ஓரத்தில் சோறு போட்டார்கள்.

அதனால் என் கருத்து இது. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற கை அடித்தால்தான் பறை கலை. அந்த மறுப்பு இல்லாத ஊரில் மேடையில் பறையை ஏற்றி விளக்குப் போட்டால், அடிமைத்தொழிலுக்குப் பவுடர் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். பாரம்பரிய நடை நடத்துகிறவர்கள் பறைக் குழுவைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தக் குழுவின் ஊரில் சாவுப்பறை கட்டாயமாக இருக்கிறதா, இல்லையா? இருந்தால் முதல் நிகழ்ச்சியை மேடையில் வைக்க வேண்டாம். அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் போய் வையுங்கள்.

கூத்தும் அப்படித்தான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கர்ணன் சாவுக்கு ஊரே அழும். குலம் கேட்டு அவமானப்படுத்தப்பட்டவன் கர்ணன். அவனுக்காக அழுகிற கூட்டத்தின் ஓரத்தில், தள்ளி, கயிறு கட்டாத எல்லைக்கு அப்பால் உட்கார்ந்து நம் தாத்தாக்கள் கூத்துப் பார்த்தார்கள். கதையில் வருகிற குலக்கொடுமைக்கு அழுவது சுலபம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் காங்கோ சதுக்கம் என்று ஒரு மைதானம். அடிமைகளாக இருந்த கறுப்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி மேளம் அடித்தார்கள், ஆடினார்கள். அந்தத் தாளத்திலிருந்துதான் ஜாஸ் வந்தது என்று இன்றைக்கு உலகமே அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறது. அந்த மைதானம் இருக்கிற ட்ரெமே கறுப்பர்கள் வாழும் பேட்டை. 1960களில் அந்தப் பேட்டையின் உயிராக இருந்த கிளைபார்ன் சாலையில் மரங்களை வெட்டிவிட்டு, தலைக்கு மேல் நெடுஞ்சாலைப் பாலத்தைக் கட்டினார்கள். கடைகள் அழிந்தன. இசை விற்பனைக்கு, இசைத்தவன் பாலத்துக்கு அடியில். சென்னையில் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட நம் ஜனங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. கானாவை மேடையில் ஏற்றிவிட்டுக் கானா பாடினவனை நகரத்துக்கு வெளியே இறக்கிவிட்டார்கள்.

*

கடைசியில் சாப்பாடு. வயிற்றுக்கு வந்தால்தான் உண்மை வெளியே வரும்.

தருமபுரிச் சாப்பாடு என்றால் கேழ்வரகுக் களி. கறிக்குழம்போ கருவாட்டுக் குழம்போ கடைந்த கீரையோ. பண்ணையில் வேலைசெய்தவனுக்குக் கூலியாகப் போட்ட சாப்பாடு இது. அரிசிச்சோறு தீபாவளிக்கு. களி தின்கிறவன் என்பது வசவாக இருந்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. இப்போது ஓட்டலில் களி உருண்டை மண்சட்டியில் வருகிறது, சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்கள். நல்லதுதான். நம் பாட்டிகளுக்குப் புது மரியாதை கிடைத்த மாதிரி இருக்கிறது. மரியாதை களிக்கு மட்டும்தான். கிண்டினவளுக்கு இல்லை. அந்த ஓட்டல் சமையல்கட்டில் நம் அக்கா ஒருத்தி சாதியைச் சொல்லி வேலை கேட்டுப் பார்க்கட்டும். பாத்திரம் கழுவக் கிடைக்கும்.

அதே களிக்குத் தொட்டுக்கொள்ள நம் வீட்டில் மாட்டுக்கறி, போட்டி, ரத்தப்பொரியல், மழைக்காலத்துக்கு உப்புக்கண்டம். இவை எந்தக் கையேட்டில் வரும்? 2022 மே மாதம் பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு கிடையாது. எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிப்போட்டார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. ஆம்பூர் எப்படிப்பட்ட ஊர்? தோல் பதனிடுகிற ஊர். மாட்டின் தோல் ஷூவாகிக் கப்பலேறலாம், அந்நியச் செலாவணி வரலாம். மாட்டின் கறி சர்க்கார் பந்தலுக்குள் வரக்கூடாது! அதே வருஷம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் முதலில் மாட்டுக்கறி இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் கடை வந்தது. கேட்காமல் எதுவும் வருவதில்லை தோழர்களே. ஆனால் கேட்டால் வருகிறது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைசெய்கிற இடத்தில் நடந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு ஜாமீன் இல்லாமல் பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்கிற திட்டம் 2020இல் வந்தது. தள்ளுவண்டியில் வறுவல் போடுகிற அக்கா ஒருத்தர் விண்ணப்பத்தோடு வந்தார். எழுதத் தெரியாது, நான் எழுதினேன். என்ன தொழில் என்ற இடம் வந்தது. குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டிபன்னு போட்டுருங்க தம்பி. பெரிய கறின்னு எழுதினா குடுப்பாங்களா?" இருபது வருஷமாக அந்தக் கறியை விற்று இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவர். வண்டிக்கு முன்னால் நின்று தின்கிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. தின்கிறவனுக்கு வெட்கமில்லை, விற்கிறவளுக்கு வெட்கத்தைக் கொடுத்திருக்கிறது இந்த ஊர். 'மாட்டுக்கறி வறுவல்' என்றே எழுதினேன். கடன் வந்தது. தவணை தவறாமல் கட்டினார். அடுத்த கடனுக்கு வந்தபோது அவரே சத்தமாகச் சொன்னார். வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டீக்கடைக் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில், இதே தருமபுரி மாவட்டத்தில் மொரப்பூர்ப் பக்கம், காட்டுவேலைக்குப் போன நம் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். படம் பரவியதும் இரண்டு பேர் கைதானார்கள். எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி டம்ளர் எல்லாம் போய்ப் பேப்பர் கப் வந்தபோது இரட்டை டம்ளர் ஒழிந்தது என்று சொன்னவர்கள் உண்டு. பேப்பர் கப் சாதியை ஒழிக்கவில்லை. கழுவுகிற வேலையை ஒழித்தது.

*

இவ்வளவு சொல்கிறாயே, அப்படியானால் டவுன் வேண்டாமா, கிராமத்துக்கே போய்விடலாமா என்று கேட்பீர்கள். இல்லை. நான் டவுனை விட்டுக்கொடுக்கிறவன் இல்லை. 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசினவர்களை அம்பேத்கர் கிழித்து எறிந்தார். அவர் சொன்னது நம் அனுபவம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கும்போது யாரும் என் ஊரைக் கேட்பதில்லை. நான்கு ரோட்டில் எவன் தோளையும் இடித்துக்கொண்டு நடக்கலாம். கூட்டத்தில் பேரில்லாமல் கரைந்து நிற்பதில் எவ்வளவு பெரிய நிம்மதி இருக்கிறது என்பது, பேரைச் சொன்னாலே தெருவைக் கண்டுபிடிக்கிற கிராமத்திலிருந்து வந்தவனுக்குத்தான் தெரியும். காலனிப் பிள்ளை முதல்முறையாகச் செருப்புப் போட்டு, சட்டையை இன் பண்ணி, தலை நிமிர்ந்து நடந்தது டவுன் கடைத்தெருவில்தான். அதனால்தான் இந்தக் கடைத்தெருவின் மேல் எனக்கு உரிமை இருக்கிறது என்கிறேன்.

ஆனால் டவுன் பகலில் மட்டும் டவுன். பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் கிராமமாகிவிடும். பழைய தெருக்களில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். "சைவமா, அசைவமா?" இது முதல் கேள்வி. அசைவம் என்றாலும் விடமாட்டார்கள். "சொந்த ஊரு எது? ஊருக்குள்ளயா, காலனியா?" நான் மூன்று தெருவில் கேட்டேன். வங்கி வேலை என்றதும் நாற்காலி போட்டார்கள். காலனி என்றதும் "பையன் பெங்களூர்ல இருந்து வரப்போறான், வூடு அவனுக்கு வேணும்" என்றார்கள். மூன்று வீட்டுப் பையன்களும் ஒரே மாதத்தில் பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது! 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடாவில் உத்தியோகத்துக்கு வந்த அம்பேத்கரைப் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். நூறு வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம், தடி போய்ப் பெங்களூர் மகன் வந்திருக்கிறான்.

அந்தத் தெருக்களை விடிகாலை யார் பெருக்குகிறார்கள் என்றும் பாருங்கள். சாக்கடைக்குள் கையை விட்டு அடைப்பு எடுக்கிறவர்கள் யார்? மலக்குழித் தொழிலைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். சட்டத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் அருந்ததியர் உடம்பு. இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. அருந்ததியருக்கு 2009இல் வந்த மூன்று சதவீத உள்ஒதுக்கீட்டை, 2024 ஆகஸ்ட் 1 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் முனகிக்கொண்டே பேசுகிற தலித் தலைவர்கள் இருக்கிறார்கள். மேல்தெருக்காரனிடம் பங்கு கேட்கிற வாய், கீழ்த்தெருக்காரனுக்குப் பங்கு கொடுக்கும்போது மூடிக்கொள்ளக் கூடாது. நகரம் யாருடையது என்று கேட்கிறபோது, அதைத் தினமும் கழுவுகிறவனிடமிருந்து பதிலை ஆரம்பிக்க வேண்டும்.

*

ஆகவே இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் வைப்பது இதுதான்.

தருமபுரியைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று சர்க்காரோ சங்கமோ கல்லூரியோ யார் கிளம்பினாலும், நாம் ஐந்து கேள்வி கேட்போம். கோட்டைக்கும் நடுகல்லுக்கும் போகிற வழியில் வாச்சாத்தித் தீர்ப்புக்கும் நத்தம் தீக்கும் இடம் இருக்கிறதா? பறை அடிக்கிறவருக்கு மறுக்கிற உரிமை அவர் ஊரில் இருக்கிறதா, மேடையில் மற்றக் கலைஞருக்குக் கொடுக்கிற அதே சம்பளம் அவருக்கும் உண்டா? சர்க்கார் காசில் நடக்கிற உணவுப் பந்தலில் மாட்டுக்கறிக்குக் கடை உண்டா, அந்தக் கடை நம் பெண்கள் பேரில் உண்டா? தெருவை அழகாக்குகிறோம் என்று தள்ளுவண்டிகளை அகற்றாமல், 2014 தெருவியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு அதே தெருவில் இடம் கொடுக்கிறீர்களா? பாரம்பரியம் என்று நீங்கள் காட்டுகிற தெருவில் எங்களுக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைக்குமா?

ஐந்துக்கும் பதில் வராதவரை அந்த நடைக்கு நாம் வழிகாட்டியாகவும் போக வேண்டாம், பறை தூக்கியும் போக வேண்டாம், களி கிண்டவும் போக வேண்டாம். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். நாமே ஒன்று நடத்துவோம். வருகிற நவம்பர் 7ஆம் தேதி காலையில் நத்தத்தில் கூடுவோம். அங்கிருந்து ஊருக்குள் வருவோம். நீதிமன்றத்துக்கு எதிரில் வாச்சாத்தி என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். கலைக்கல்லூரிப் பின்புறத்துத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் பேசாமல் நிற்போம். பழைய கடைத்தெரு வழியாகப் பறையோடு நடப்போம், சாவுக்கு அல்ல என்று தெரிகிற அடியில். மத்தியானம் களியும் மாட்டுக்கறிக் குழம்பும், நடுத்தெருவில், எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டில். ஊர்க்காரர்களும் வரலாம். உட்கார்ந்து தின்னலாம். துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.